ஆக்சலாட்டல் ஆணா, பெண்ணா?

கேள்வி: பத்து மாதத்துக்கு முன் ‘ஜோடி’ என்று சொல்லி இரண்டு ஆக்சலாட்டல் (தொட்டித் தண்ணீரில் வளர்க்கும், நான்கு கால் உள்ள சாலமாண்டர் வகை உயிரினம்) கொடுத்தார்கள். அப்போது விரல் நீளம்தான். இப்போது ஒன்று 19 செ.மீ., இன்னொன்று 17 செ.மீ. விற்றவரைக் கேட்டால், “இரண்டுமே பெண், ஆண் ஒன்று தருகிறேன்” என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். விரல் நீளக் குட்டியில் ஆண், பெண் வேறுபாடு வெளியே தெரியாது. யார் பார்த்தாலும் தெரியாது. அன்றைக்கு ஜோடி என்று கூடுதல் விலை வாங்கியவர், இன்றைக்கு இரண்டும் பெண் என்று மூன்றாவதை விற்கப் பார்க்கிறார். இந்த வியாபாரத்தில் நான் அதிகம் பார்க்கும் ஏமாற்று இதுதான். குட்டிகளை ஜோடி விலைக்கு யார் கொடுத்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

சரி, நீங்களே பார்ப்பது எப்படி? கையில் தூக்க வேண்டாம். தோல் மென்மையானது, வழுக்கி விழுந்துவிடும். தொட்டித் தண்ணீரோடு ஒரு கண்ணாடி டப்பாவுக்கு மாற்றிப் பக்கவாட்டிலும் அடியிலும் பாருங்கள். கண்ணிமை கிடையாது என்பதால் டார்ச் அடிக்காதீர்கள். பின்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால், வால் தொடங்கும் இடத்தில் கழிவுத்துளை இருக்கும். பட்டாணியை இரண்டாகப் பிளந்து இருபுறமும் ஒட்டியதுபோல் அங்கே புடைத்திருந்தால் ஆண்.

புடைப்பு இல்லை என்றால்? இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். புடைப்பு இல்லாததாலேயே அது பெண் ஆகிவிடாது. இன்னும் பருவம் வராத ஆணாகவும் இருக்கலாம். சில ஆண்களுக்கு ஒரு வயது தாண்டியும் புடைப்பு தெரியாது. ஒன்றரை வயதுவரைகூட இழுக்கும். பெண் என்று பெயரே வைத்து வளர்த்தது திடீரென்று ஆணாகத் தெரிந்ததை நானே பார்த்திருக்கிறேன். அதனால் புடைப்பு தெரிந்தால் முடிவு செய்யுங்கள், தெரியாவிட்டால் காத்திருங்கள். வயிறு உருண்டிருக்கிறது, அதனால் பெண் என்பதையும் நம்ப வேண்டாம். நேற்று மண்புழுவை வயிறு முட்டத் தின்ற ஆணும் அப்படித்தான் இருக்கும்.

தொட்டித் தரையில், நுனி வெளுத்த சின்னக் கூம்பு வடிவ ஜெல்லி ஒட்டியிருந்தால் அது ஆண் வைத்த விந்துப் பொதி. செடியில் முட்டை ஒட்டியிருந்தால் உள்ளே பெண் இருக்கிறது. இந்த இரண்டும் சந்தேகமில்லாத சாட்சி.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். மெக்சிகோவின் சோச்சிமில்கோ நீர்நிலைகளைச் சேர்ந்த இந்த உயிரினம், காட்டுயிர்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி, இந்தியாவில் இதை வளர்ப்பவர்கள் ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். குஞ்சு பொரித்தால் அதையும் தெரிவிக்க வேண்டும். ஆனால் என்னிடம் வருகிறவர்கள் காட்டும் ரசீதில் ‘நடக்கும் மீன் - 2’ என்றுதான் இருக்கிறது. இது மீனே இல்லை, தவளையைப் போல ஓர் இருவாழ்வி. விற்பவருக்குச் சரியான பெயர் எழுதத் தெரியவில்லை, அதைக் கேட்பாரும் இல்லை; படிவத்தோடு அல்லாடுவது மட்டும் வளர்ப்பவர். பழைய ரசீதாக இருந்தாலும் திரும்பப் போய், உயிரினத்தின் அறிவியல் பெயரோடு எழுதி வாங்குங்கள்.

இப்போதைக்கு இரண்டையும் தனித்தனித் தொட்டியில் விடுங்கள். ஆணோடு ஒன்றாக இருந்தால் பெண் ஓய்வில்லாமல் முட்டையிட்டு நலிந்துபோகும். ஒரே ஈட்டில் நூற்றுக்கணக்கில் இடும். தண்ணீர் 16 முதல் 18 டிகிரிக்குள் இருக்கட்டும். மூன்றாவதற்கு ஒதுக்கிய பணத்தை, தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவி வாங்கப் போடுங்கள். மூன்று மாதம் கழித்து அதே டப்பாவில் விட்டு மறுபடி பாருங்கள்.