அக்காவிடம் கேளுங்கள்: படிக்கிறானா, ஒப்பிக்கிறானா?

இந்த மாதம் வந்த கேள்விகளில் நான்கு, எழுதப் படிக்கக் கற்பதைப் பற்றியே இருந்தன. நான்கையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அக்கா, என் மகன் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு. புத்தகத்தைத் திறந்தால் கடகடவென்று படிப்பான். போன வாரம் ஒரு பூக்கடைப் பலகையைக் காட்டி, "என்ன எழுதியிருக்குப்பா?" என்று கேட்டேன், முழிக்கிறான். வீட்டுக்கு வந்து பாடத்தைக் கையால் மறைத்துப் பார்த்தேன், அப்போதும் "படித்தான்"! நான் மலாய்வழித் தேசியப் பள்ளியில் படித்தவள், எனக்குத் தமிழ் பேச மட்டும்தான் வரும். என்ன செய்வது?
(வாசகி, பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்)

பதில்: கையால் மறைத்துப் பார்த்தீர்களே, முப்பது வருஷம் வகுப்பில் நின்ற எனக்கே அந்தச் சோதனை பல நாள் தோன்றியதில்லை. உங்கள் மகன் பொய் சொல்லவில்லை. பக்கத்தில் ஆசிரியர் படிக்க, நாற்பது பிள்ளைகள் கோரஸாகச் சொல்ல, காது முந்திக்கொண்டது, கண் பின்தங்கிவிட்டது. அவ்வளவுதான்.

நானும் அப்படிப் படித்தவள்தான். 1971-ல் கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. எங்கள் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பெரியவர்கள் பாதிப்பேருக்கு எழுத்து தெரியாது, ஊரிலிருந்து கடிதம் வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள், கூலி ஒரு பிஸ்கட் அல்லது அஞ்சு காசு. எல்லாக் கடிதமும் "இங்கு அனைவரும் நலம், அதுபோல் அங்கு அனைவர் நலமறிய ஆவல்" என்றுதான் தொடங்கும். பத்துக் கடிதம் ஆனபிறகு முதல் நாலு வரிக்கு நான் தாளைப் பார்ப்பதே இல்லை. ஒருநாள் எங்கள் பாட்டிக்கே கடிதம் வந்தது, நீலநிற வான்கடிதம். மூச்சுவிடாமல் "இங்கு அனைவரும் நலம்" என்று ஆரம்பித்தேன். ஓர் எழுத்தும் தெரியாத பாட்டி வெற்றிலையை மென்றுகொண்டே, "ஏ புள்ள, நாலு மூலையிலயும் மஞ்சள் தடவியிருக்கு, கல்யாண சேதி. நீ என்னத்தப் படிக்கிற?" என்றாள். குனிந்து பார்த்தால் முதல் வரியே பெரிய அத்தை மகளுக்கு நிச்சயமான செய்தி! அன்றைக்கு அந்த லயத்தில் கடிதத்தைப் படித்தது பாட்டிதான், நான் இல்லை.

சரி, உங்கள் மகனுக்கு வருவோம். பாடத்தை முதலிலிருந்து படிக்கச் சொல்லாதீர்கள். நடுவில் ஒரு சொல்லில் விரலை வையுங்கள். கடைசி வரியின் கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கி வரச் சொல்லுங்கள், அங்கே மனப்பாடம் உதவிக்கு வராது. கடைப் பலகையில் முழுவதையும் கேட்காமல் "பூ" எங்கே, "டை" எங்கே என்று தேடச் சொல்லுங்கள். பலகை எழுதுகிறவர்கள் எழுத்தை வளைத்து நெளித்துப் போடுவார்கள், அதில் தடுமாறுவது ஒரு குற்றமில்லை. அப்புறம், உங்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பதை மறைக்க வேண்டாம். "எனக்குச் சொல்லிக்கொடு" என்று பக்கத்தில் உட்காருங்கள். ஒப்பிக்கிறவனால் இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்க முடியாது, ஒவ்வோர் எழுத்தையும் அவன் பார்த்தே ஆகவேண்டும்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்கிறேன், ஏனென்றால் நிச்சயம் கேட்பான்: மலாயில் "கே" வேறு, "ஜி" வேறு, தமிழில் ஏன் எல்லாத்துக்கும் ஒரே "க"? தமிழ்ச் சொல்லில் இடம்தான் ஒலியைச் சொல்லும். முதலில் வந்தால் (கல்), இரட்டித்து வந்தால் (பக்கம்) வல்லினம், "ங்" பக்கத்தில் வந்தால் (தங்கம்) மெலிந்துவிடும், நடுவில் தனியாக வந்தால் (பகல்) இன்னும் மெலிவு. ஆனால் ஊர்ப் பெயர்கள் இந்த விதிக்கு அடங்காது. கோம்பாக்குக்கும் கெப்போங்குக்கும் நாம் ஒரே "க" வரிசையைத்தான் போடுகிறோம், ஊர் தெரிந்தவன்தான் சரியாகச் சொல்வான்!

கேள்வி: தாத்தா வைத்திருந்த பழைய புத்தகங்களில் "லை", "னை" எல்லாம் விநோதமாக இருக்கின்றன. அச்சுப் பிழையா?
(வாசகர், ஜெலுத்தோங், பினாங்கு)

பதில்: பிழை இல்லை, நான் முதலில் எழுதக் கற்றதே அந்த எழுத்தைத்தான். ணை, லை, ளை, னை நான்குக்கும் தலையில் ஒரு சுழி வளைந்து நிற்கும், யானைத் தும்பிக்கை என்போம். ணா, றா, னா மூன்றிலும் கால் தனியாக நிற்காமல் எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், அவற்றின் ஒகர ஓகாரம் ஆறும் அப்படியே. ஆக 13 எழுத்துகள். பெரியார் 1935-லேயே தம் "குடி அரசு" இதழில் இவற்றைச் சீர்ப்படுத்தி அச்சிட்டார், தமிழ்நாட்டு அரசு 1978-ல்தான் ஆணை போட்டது, நம் நாட்டுப் பாடநூல்களுக்கு அதற்கும் பிறகு வந்தது. தும்பிக்கையை இங்கே போட்டுக் காட்டலாம் என்றால் இந்தக் கணினி எழுத்துருவில் அது இல்லை. தாத்தா புத்தகத்தைப் பத்திரமாக வையுங்கள்.

கேள்வி: லாரி ஓட்டுகிறேன், வயது 41. தமிழில் 247 எழுத்து என்றதுமே பயமாக இருக்கிறது. வாட்ஸ்அப்பில் தமிழை ரூமியில், அதாவது ஆங்கில எழுத்தில்தான் அடிக்கிறேன். இனிமேல் முடியுமா?
(வாசகர், செந்தூல், கோலாலம்பூர்)

பதில்: அந்த 247 என்ற அட்டவணையைச் சுவரில் மாட்டிப் பிள்ளைகளைப் பயமுறுத்தியவர்களில் நானும் ஒருத்தி, மன்னியுங்கள். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. மீதி 216-ம் இவை சேர்ந்து பிறந்தவை. பதினெட்டு உருவமும், கால், கொம்பு, விசிறி என்று ஒரு கைப்பிடி அடையாளமும் தெரிந்தால் பெரும்பகுதி முடிந்தது. உகரமும் ஊகாரமும் மட்டும் அடங்காத வரிசை, கு, சு, து, மு ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி வளையும், அவற்றைத் தனியாகப் பழக வேண்டும்.

ரூமி பழகிய கண்ணுக்கு ஒரு பொறி இருக்கிறது. "செ" எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கும், ஒலி பின்னால்தான் வரும். அதே கொம்புக்கு அந்தப் பக்கம் ஒரு கால் இருந்தால் அது "சொ". எழுத்தின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும், லாரியைப் பின்னால் எடுப்பது மாதிரி.

போனில் செல்லினம் என்ற தமிழ்த் தட்டச்சுச் செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள், நம் ஊர் முத்து நெடுமாறன் உருவாக்கியது. அதிலுள்ள அஞ்சல் விசைமுறையில் நீங்கள் இப்போது அடிக்கிற மாதிரியே ரூமியில் அழுத்தினால் தமிழாக வரும். முதலில் பிள்ளைகள் பெயர், பிறகு மனைவிக்கு "பசியாறிட்டியா?" ல, ள, ழ குழம்பும். குழம்பட்டும், அவர் திருத்துவார்.

கேள்வி: அம்மாவுக்கு 72 வயது, எல்லாத்துக்கும் கைரேகைதான். இப்போது திடீரென்று கையெழுத்துப் போட வேண்டும் என்கிறார். அண்ணன், "இனிமே எதுக்கு?" என்று சிரிக்கிறார்.
(வாசகி, பட்டர்வொர்த்)

பதில்: அண்ணனை ஒரு கடைக்கு அனுப்பிவிட்டு ஆரம்பியுங்கள். அகரத்திலிருந்து வேண்டாம், நேராக அவர் பெயர்.

என் பாட்டி தோட்டத்தை விட்டுப் பினாங்குக்கு எங்களோடு வந்தபிறகு, அறுபத்தைந்து வயதில் இதே ஆசை வந்தது. பேனாவைப் பால்வெட்டுக் கத்தி மாதிரி இறுக்கிப் பிடிப்பாள், தாள் கிழியும். நாற்பது வருஷம் மரப்பட்டையில் சரிவாகவே கோடு இழுத்த கை, எழுத்தும் சரிந்துதான் வந்தது. ஐந்தெழுத்துப் பெயருக்கு நான்கு மாதம் ஆனது. கோபம் வந்தால் பேனாவை வீசிவிடுவாள், மறுநாள் சாயங்காலம் தானே எடுத்துவருவாள்.

பிறகு வங்கிக்குப் போய் ரேகையை மாற்றிக் கையெழுத்து பதிந்துவிட்டு வந்தோம், எனக்குத்தான் பெருமை தாங்கவில்லை. அடுத்த மாதம் பணம் எடுக்கப் போனால், முகப்பில் இருந்த பையன் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, கையெழுத்து ஒத்துப்போகவில்லை, ரேகை வையுங்கள் என்றான். "எழுதுறது நானு, ஒத்துப்போகலன்னு சொல்றது நீயா?" என்று பாட்டி தமிழில் கேட்க, அவன் மலாயில் பதில் சொல்ல, பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. கடைசியில் ரேகை வைத்தாள். வைத்துவிட்டு, அவன் தாளை இழுப்பதற்குள் பேனாவை வாங்கி, பக்கத்தில் பெயரையும் எழுதினாள். அதற்கப்புறம் எந்த ஊர்த் தாள் வந்தாலும் இரண்டும்தான்.