புதுசா ஓட ஆரம்பிச்சதும் குதிகால் வலி வந்துடுச்சு, ஓடுறதையே விட்டுடணுமா?

காலைல எந்திரிச்சு முதல் அடி வைக்கும்போது குதிகாலுக்கு அடியில ஆணி ஏறுன மாதிரி சுருக்னு இருக்கா, பத்து பதினஞ்சு அடி நடந்தா கொஞ்சம் விட்டுடுதா? அப்படின்னா பெரும்பாலும் எனக்கு வந்த அதே சமாச்சாரம்தான், பிளான்டர் ஃபேசியைட்டிஸ். குதிகால் எலும்புல இருந்து விரல் வரைக்கும் உள்ளங்கால்ல தடியா ஒரு நார்ப்பட்டை போகுது, அது எலும்போட ஒட்டுற இடத்துலதான் நோவு. ராத்திரி பூரா பாதம் கீழ சாஞ்சே கிடக்கிறதால அது விறைச்சுப் போயிருக்கும், எந்திரிச்சதும் மொத்த உடம்பு பாரத்தையும் அது மேல போட்டா சும்மா விடுமா.

நான் என்ன பண்ணேன்னா, மூணாவது வாரமே மூச்சு வாங்குறது குறைஞ்சுடுச்சு, சரி நமக்கு செட் ஆயிடுச்சுன்னு 2 கிலோமீட்டரை ஒரே வாரத்துல 5 ஆக்கிட்டேன். மூச்சு சீக்கிரம் பழகிடும், அந்த நார் பழக மாசக்கணக்கா ஆகும்னு அப்ப யாரு கண்டா. வலி வந்ததும் மூணு வாரம் ஓடாம இருந்தேன், போயிடுச்சு. திரும்ப ஓடுனேன், ரெண்டாவது நாளே வந்து உக்காந்துடுச்சு. வெறும் ரெஸ்ட் எடுத்தா வலி அடங்கும், ஆனா காலுக்கு பலம் ஏறாது இல்லையா.

எனக்கு கைகொடுத்தது ஒரே ஒரு பயிற்சி. படிக்கட்டு விளிம்புல ஒரு துண்டைச் சுருட்டி வச்சு, கால் விரல் அது மேல ஏறி மேல்பக்கமா வளையுற மாதிரி ஒத்தைக் கால்ல நின்னு, குதிகாலை 3 செகண்ட்ல மெதுவா தூக்கி, 2 செகண்ட் நிறுத்தி, 3 செகண்ட்ல இறக்கணும். ஒருநாள் விட்டு ஒருநாள், 12 தடவை. படிக்க ஈசியா இருக்கும், ஆனா எனக்கு ஆறாவது தடவையிலயே கெண்டைக்கால் வெடவெடன்னு ஆடி, சுவத்தைப் பிடிச்சுக்கிட்டுதான் நின்னேன். அதோட, படுக்கையை விட்டு இறங்குறதுக்கு முன்னாடியே கால் விரல்களைக் கையால முழங்கால் பக்கமா இழுத்து 10 செகண்ட் பிடிக்கிறது, ஒரு பத்து தடவை. ஐஸ் பாட்டில் உருட்டுறது அப்போதைக்கு சுகம், அவ்வளவுதான். கெட்டியான தரையில வெறுங்காலோட நடக்காதீங்க, வீட்டுக்குள்ளயும் மெத்துனு ஒரு செருப்பு போட்டுக்கங்க.

ஓடுறதை முழுசா நிறுத்த வேண்டியதில்லை. 1 நிமிஷம் ஓட்டம், 2 நிமிஷம் நடை, இப்படி போங்க. பத்துக்கு மூணு அளவு வலின்னா நான் பொறுத்துக்குவேன், ஆனா மறுநாள் காலை முதல் அடி முந்தின நாளைவிட மோசமா இருந்தா அடுத்த ஓட்டம் கட். எக்ஸ்ரேல எலும்பு துருத்திக்கிட்டு இருக்குன்னு சொன்னா என்னை மாதிரி பதறாதீங்க, வலியே இல்லாத நிறைய பேருக்கும் அது இருக்கும்.

ஒரு விஷயம் மட்டும் பாத்துக்கங்க, குதிகாலை ரெண்டு பக்கமும் அமுக்குனா உயிர் போகுது, இல்ல மரத்துப் போகுது, வீங்கியிருக்கு, சும்மா படுத்திருக்கும்போதும் வலிக்குதுன்னா இது வேற ஏதாவது, எலும்புல விரிசல்கூட இருக்கலாம். மேல சொன்ன எதையும் பண்ணாம நேரா டாக்டர்கிட்ட போங்க.

எனக்கு குணமாக அஞ்சு மாசம் ஆச்சு. துண்டு இன்னும் படிக்கட்டுலயேதான் கிடக்கு, தடுக்கி விழப் போறாங்கன்னு வீட்டுல தினமும் திட்டு.