பெட்டி பாடாது, கட்டளைதான் போடும்: மிடி சீக்குவென்சர் கேள்வி பதில்

கல்லடியில என்ட அறை மேசையில இருக்கிற சீக்குவென்சர் (சுரங்களை வரிசையாப் பதிஞ்சு திருப்பித் திருப்பி அனுப்புற பெட்டி) படத்தைப் போட்ட நாளிலிருந்து ஒரே கேள்வி. லெப்டொப்புக்குள்ள இருக்கிற சின்த் (சத்தத்தை உண்டாக்குற சொஃப்ட்வெயார்), சாம்ப்ளர் (பதிவு செஞ்ச சத்தத்தை வாசிக்கிற சொஃப்ட்வெயார்) இதுகளை மிடி எண்ட கட்டளை மொழியால, வெளியில இருந்து இந்தப் பெட்டியால எப்படி ஓட்டுறதெண்டு கேட்ட எல்லாருக்கும் இங்கயே பதில் எழுதுறன்.

களுவாஞ்சிகுடித் தம்பி: அண்ணன், யூஎஸ்பியில கொழுவிட்டன். லைட் எல்லாம் வரிசையா ஓடுது, ஸ்பீக்கர்ல ஒரு சத்தமும் இல்ல. பெட்டி பழுதா?

பழுதில்ல தம்பி. பெட்டிக்குள்ள சத்தமே கிடையாது. எந்தச் சுரம், எவ்வளவு பலமா, எப்ப தொடங்கி எப்ப விடணும் எண்ட கட்டளை மட்டும்தான் வயரில போகுது. கூத்துக் களரியில ஆட்டத்தை நடத்துறவர் அண்ணாவியார், சலங்கை கட்டி ஆடுறது வேற ஆள் இல்லையா? அதுதான் இது. உங்கட மியூசிக் சொஃப்ட்வெயார் ஏபிள்டன் லைவ் எண்டால் செட்டிங்கில மிடி பகுதிக்குப் போங்க. பெட்டியின்ட பேருக்கு நேரே ‘ட்ராக்’, ‘சிங்க்’, ‘ரிமோட்’ எண்டு மூண்டு கட்டம் இருக்கும். சுரம் வாறதுக்கு ட்ராக், வேகம் சேர்ந்து ஓட சிங்க், குமிழைத் திருப்பினா ஃபில்டர் அசைய ரிமோட். உங்களுக்கு முதல்ல தேவை ட்ராக். மறுகா சின்த் இருக்கிற ட்ராக்கின்ட ரெக்கோர்ட் பட்டனை அமத்துங்க. அப்பவும் வராட்டி சனலைப் பாருங்க: மிடியில 16 சனல் இருக்கு, பெட்டி 2இல அனுப்ப சொஃப்ட்வெயார் 1இல காது குடுத்துக்கொண்டு இருக்கும். விண்டோஸில வேற மியூசிக் சொஃப்ட்வெயார் திறந்து கிடந்தா மூடுங்க. ஒண்டு பிடிச்ச போர்ட்டை பல நேரம் மற்றதுக்கு விடாது.

அக்கரைப்பற்று வாசகர்: பக்கீர் பைத்துப் பாட்டுக்கு அடிக்கிற றபான் மேளத்தை நானே பதிவு செஞ்சு சாம்ப்ளர்ல ஏத்தின. பெட்டியில அடிச்சா ஒண்டும் கேக்குதில்ல. திரையில லைட் மட்டும் மின்னுது.

லைட் மின்னினா கட்டளை வந்துட்டுது, இறங்குற வீடுதான் பிழை. மிடியில ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு நம்பர். தாளப் பெட்டிகள் பெரும்பாலும் கிக் ட்ரம்மை 36ஆம் சுரத்தில அனுப்பும். சாம்ப்ளர் நீங்க ஏத்தின சத்தத்தை 60இல வச்சிருக்கும். ‘சீ 3’, ‘சீ 4’ எண்ட பேரை நம்பாதீங்க. ஒரே 60ஐ ஒரு கம்பனி சீ 3 எண்டும் மற்றக் கம்பனி சீ 4 எண்டும் எழுதும். நம்பரைப் பார்த்துச் சேருங்க. றபானின்ட நடு அடியை 36இலயும் ஓர அடியை 38இலயும் வைங்க.

திருக்கோவில் சங்கீத ஆசிரியை: தம்பி, 16 படி உள்ள பெட்டியில மிஸ்ர சாபு (ஏழு அட்சரத் தாளம்) வைக்க ஏலுமா? பிள்ளைகளுக்குக் காட்டணும்.

நல்லா ஏலும் டீச்சர், எனக்குப் பிடிச்ச வேலையே இதுதான். பட்டர்ன் நீளத்தை 14 ஆக்குங்க. ஒரு அட்சரத்துக்கு இரண்டு படி. ‘தகிட தகதிமி’ 3, 2, 2 எண்டு பிரியுறதால அடி 1, 7, 11ஆம் படிகளில விழும். 13ஆம் படியில மெல்லிய தட்டு ஒண்டு போட்டுப் பாருங்க, அடுத்த சுற்றுக்குத் தள்ளிக் குடுக்கும். ஐந்து அட்சரக் கண்ட சாபுவுக்கு 10 படி. லெப்டொப்பில பாட்டின்ட கணக்கை ஏழின் கீழ் எட்டு எண்டு மாத்த மறக்காதீங்க. நாலின் கீழ் நாலில விட்டா மெட்ரோனோமும் தாளமும் ஒண்டையொண்டு துரத்தி, ஏழு பார் கழிச்சுத்தான் சமத்தில, அதாவது தொடக்க அடியில, சந்திக்கும். மெட்ரோனோமை நிப்பாட்டி அதையே ஒரு பாட்டாச் செய்யலாம், அது வேற கதை.

கல்முனைக் கூட்டாளி: மச்சான், வேகத்துக்கு ஆர் தலைவன்? பெட்டியா லெப்டொப்பா? ரெண்டும் இழுபறிப்படுது.

ரெண்டு பேரும் தலைவனா நிண்டா அப்படித்தான் மச்சான். மிடி கிளொக் எண்டது வேகத்தைச் சொல்ற துடிப்பு, ஒரு அடிக்கு (கால் நோட்டுக்கு) 24. 120 வேகத்தில ஒரு துடிப்புக்கும் அடுத்ததுக்கும் சுமார் 20.8 மில்லிசெக்கன். அந்தத் துடிப்பை எண்ணி வேகத்தைக் கணிக்கிற லெப்டொப்பில நம்பர் 119.8, 120.2 எண்டு ஆடும். பதிவுக்கு லெப்டொப்பையே தலைவனாக்கு, பெட்டியை வெளிக் கிளொக்குக்கு மாத்து. மேடையில கையால வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறதெண்டா மட்டும் பெட்டிக்குக் குடு. தட்டிக் கொஞ்சம் பிந்திச் சத்தம் வருதெண்டா அது கிளொக் இல்ல, பஃபர்: லெப்டொப் சத்தத்தை வெளியில விட முன்னம் சேர்த்து வைக்கிற அளவு. செக்கனுக்கு 44,100 சாம்பிள் ஓடுறதில 1,024 சாம்பிள் வச்சா 23 மில்லிசெக்கன், 128 வச்சா 3க்கும் குறைவு. விண்டோஸ்காரர் ஆசியோ ட்ரைவர் (சத்தத்தைப் பிந்தாம அனுப்புற சொஃப்ட்வெயார்) போடாம இதைப் பேசிப் பிரயோசனமில்ல.

வாழைச்சேனை வாசகர்: என்ட கீபோர்டிலயே சீக்குவென்சர் இருக்கு. லெப்டொப்புக்கு யூஎஸ்பி, மிக்சருக்கு ஓடியோ வயர். ரெண்டையும் கொழுவினா ‘ம்ம்ம்’ எண்டு இரையுது.

சார்ஜரைக் கழட்டிப் பாருங்க. இரைச்சல் நிண்டா ஏர்த் சுத்திவாற கரைச்சல். பழைய ஐந்து முள் மிடிக் கேபிளின்ட அருமை இங்கதான். 1983இல வந்த சாமான், ஆனா வாங்குற பக்கத்தில ஒளியால கட்டளை தாண்டுறதால ரெண்டு பெட்டிக்கும் மின் தொடுப்பு இல்ல. ஒரு மிடி இன்டர்பேஸ் வாங்கி அதால குடுங்க. மிக மலிவான கேபிளில அந்த ஒளிப் பாகமே இல்லாமலும் வரும். ‘இன்’ எண்டு எழுதின முளையை கீபோர்டின்ட ‘அவுட்’டில கொழுவணும். வேலை செய்யாட்டி மாத்திக் கொழுவுங்க, ஒண்டும் எரியாது.

ஏறாவூர் வாசகர்: ஒரு சுரம் நிக்காம ஊதிக்கொண்டே இருக்கு. என்ன செய்ற?

‘தொடங்கு’ வந்துட்டுது, ‘விடு’ வரல்ல. ஒரு கோயில் திருவிழா மேடையில எனக்கு யூஎஸ்பி வயர் ஆட்டம் குடுத்து, அறிவிப்பாளர் பேசி முடியும்வரை பின்னால பேஸ் ஒண்டு ஊதினது. எல்லாச் சுரத்தையும் விடுற கட்டளை நம்பர் 123. அதை ஒரு பட்டனுக்குக் கட்டி வைங்க. நான் அண்டையிலிருந்து வயரை மேசைக் காலில ரேப் போட்டு ஒட்டித்தான் வாசிக்கிற.

பேர் போடாத ஒருவர்: மௌஸால வரையலாமே, இதுக்கு ஏன் காசு?

வரையலாம். திரையைப் பார்க்காம பத்து விரலாலயும் திருப்பிப் பார்க்க ஆசை இல்லாட்டி வாங்காதீங்க. ஆசை இருந்து பழைய பெட்டி வாங்கப் போறதெண்டா, ஒரு பட்டர்ன் பதிஞ்சு கரண்டை நிப்பாட்டி, பிளேன்டி ஒண்டு குடிச்சிட்டு வந்து திரும்பப் போட்டுப் பாருங்க. பதிஞ்சது காணாமப் போயிருந்தா உள்ளுக்க பட்டரி செத்திருக்கும், விலையைக் குறைச்சுக் கேளுங்க.