கிராண்ட் ஜூரி: தாமாக விண்ணப்பிப்பதா, அழைப்புக்குக் காத்திருப்பதா?

கேள்வி: எனக்கு 71 வயது, கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் வசிக்கிறேன். ஈராண்டுகளுக்கு முன் அமெரிக்கக் குடியுரிமை பெற்றேன். அண்டை வீட்டுக்காரர் தாமே விண்ணப்பித்துக் கிராண்ட் ஜூரியில் சேர்ந்திருக்கிறார். எனக்கோ, கேட்காமலே கூட்டாட்சி நீதிமன்றத்திலிருந்து தகுதிக் கேள்வித்தாள் வந்திருக்கிறது. இரண்டும் ஒன்றா? வேண்டாமென்றால் விட்டுவிடலாமா?

பதில்: குடிமக்களைக் கொண்டு நீதிமன்றம் அமைக்கும் குழுதான் கிராண்ட் ஜூரி. இவ்விரண்டிலும் பெயர்தான் ஒன்று. உங்கள் அண்டை வீட்டுக்காரர் சேர்ந்திருப்பது பெரும்பாலும் கவுண்டியின் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) சிவில் கிராண்ட் ஜூரியாக இருக்கும். கலிஃபோர்னியாவின் 58 கவுண்டிகளிலும் ஆண்டுதோறும் அமைக்கப்படும் இக்குழு, உள்ளாட்சி அமைப்புகளின் செயல்பாட்டை ஆராய்ந்து அறிக்கை வெளியிடுகிறது. கவுண்டியில் உள்ள சிறைகளின் நிலையை விசாரிப்பதும் அதன் கடமை. பெரும்பாலான கவுண்டிகளில் 19 பேரும், லாஸ் ஏஞ்சலஸில் 23 பேரும் இருப்பார்கள். வழக்கமாக விண்ணப்பித்தவர்களை நீதிபதிகள் நேர்காணல் செய்து, தகுதியானோர் பெயர்களைக் குலுக்கிப் போட்டு எடுக்கிறார்கள். தொடர்ச்சி அறுந்துவிடாதிருக்க முந்தைய குழுவினர் சிலரை நீதிமன்றம் தக்கவைத்துக்கொள்வதும் உண்டு. ஓராண்டுப் பணி, சொற்பப் படி என்பதால் ஓய்வு பெற்றவர்களே இதில் அதிகம் சேர்வது வியப்பில்லை.

உங்களுக்கு வந்திருப்பது வேறு. குற்றம் சாட்டுவதற்குப் போதிய முகாந்திரம் உண்டா என்று தீர்மானிக்கும் கூட்டாட்சிக் கிராண்ட் ஜூரிக்கு எவரும் விண்ணப்பிக்க முடியாது. 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி, வாக்காளர் பட்டியல் முதலானவற்றிலிருந்து பெயர்கள் குருட்டாம்போக்கில் எடுக்கப்படுகின்றன. அதில் 16 முதல் 23 பேர் அமர்வார்கள். குற்றப்பத்திரிகைக்குக் குறைந்தது 12 பேர் இசைய வேண்டும். விசாரணையைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் சாதாரண வழக்கு ஜூரியைப் போல இரு தரப்பு வழக்கறிஞர்களும் கேள்வி கேட்டு ஆட்களை நீக்கும் கட்டம் இங்கே இல்லை, ஏனெனில் அந்நிலையில் எதிர்த்தரப்பு என்று ஒன்று அவையில் இருப்பதேயில்லை. தேர்வானால் பணி வழக்கமாக 18 மாதம் வரை நீளலாம். ஆனால் தினமும் போக வேண்டியதில்லை, பல இடங்களில் வாரத்துக்கோ மாதத்துக்கோ சில நாட்கள்தான்.

ஒன்றைக் கவனியுங்கள்: அந்தக் கேள்வித்தாள் வழக்கு ஜூரிக்கும் கிராண்ட் ஜூரிக்கும் பொதுவானது, அது வந்ததாலேயே நீங்கள் தேர்வாகிவிட்டதாகப் பொருளில்லை. குடியுரிமை, 18 வயது, அந்த நீதிமன்ற வட்டாரத்தில் ஓராண்டு வசிப்பு, ஆங்கிலத்தில் படிவத்தை நிரப்பும் அளவு தேர்ச்சி, கடுங்குற்றத் தண்டனை இன்மை ஆகியவற்றையே அது சரிபார்க்கிறது. குடியுரிமை பெறாத உறவினருக்கு இது வந்தாலும், "குடிமகனல்ல" என்று குறித்துத் திருப்பி அனுப்புவதே முறை.

ஆனால் அதைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பதிலளிக்காதவரை நீதிமன்றம் நேரில் வரவழைக்கலாம், தக்க காரணம் காட்டாவிட்டால் 1,000 டாலர் வரை அபராதமும் விதிக்கலாம். உண்மையான விவரங்களோடு நிரப்பி, விருப்பமில்லையெனில் வயதைக் காட்டி விலக்குக் கேளுங்கள். 70 வயதைக் கடந்தவர்களுக்குப் பெரும்பாலான கூட்டாட்சி நீதிமன்றங்கள் அதைத் தருகின்றன. அப்படி விலக்குப் பெற்றாலும், மனமிருந்தால் கவுண்டியின் குழுவுக்கு நீங்கள் பிறகு விண்ணப்பிக்கலாம். அங்கே வயதுக்கு உச்சவரம்பு இல்லை.