ஐ.வி.எஃப். சிகிச்சைக்குப் பக்கத்து ஊரா, சென்னையா?

முட்டையை வெளியே எடுத்துக் கருவாக்கி, மறுபடி உள்ளே வைக்கும் ஐ.வி.எஃப். சிகிச்சைக்கு மதுரையிலேயே மருத்துவமனை இருக்க, சொந்தக்காரர்கள் சென்னைக்குப் போகச் சொல்கிறார்கள், எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ராஜபாளையத்துக்காரி. மதுரையைத் தாண்டிச் சென்னைக்குப் போனவள். தரம்தான் காரணம் என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம். உண்மையில் பயம். மதுரையில் அந்த வாசலில் நின்றால் யார் கண்ணிலாவது பட்டு, சாயங்காலத்துக்குள் சின்ன மாமியார் வீடு வரை சேதி போய்விடுமே!

முதல் ஆலோசனைக்குத் தூரம் பெரிய விஷயமே இல்லை. ராத்திரி பொதிகை ரயிலில் ஏறினால் விடிகாலை எழும்பூர். ஊசி தொடங்கிய பிறகுதான் மாட்டிக்கொள்வோம். மாதவிலக்கான இரண்டாம், மூன்றாம் நாளிலிருந்து பத்துப் பன்னிரண்டு நாள், முட்டைகள் வளர தினமும் ஊசி. இடையில் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு ஸ்கேன், அதைப் பார்த்து மருந்தளவை மாற்றுவார்கள். கடைசியில் முட்டையை முதிர வைக்கும் டிரிகர் ஊசி. போட்ட 34 முதல் 36 மணி நேரத்தில் கருமுட்டையை எடுத்தாக வேண்டும், தாமதித்தால் அது தானாக வெளியேறிவிடும். அந்த நாள் எது என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. இதை நம்பி ரயில் டிக்கெட் எங்கே போடுவது? சைதாப்பேட்டையில் அறை எடுத்து 16 நாள் தங்கினோம். வாடகை, சாப்பாடு, இவருக்குச் சம்பளமில்லாத விடுப்பு. சிகிச்சைச் செலவு சொல்கிறவர்கள் இதையெல்லாம் கணக்கில் சேர்ப்பதில்லை.

முட்டை எடுத்து மூன்றாம் நாள் ஊர் திரும்பினேன். அன்று ராத்திரியே வயிறு பானை மாதிரி உப்பி மூச்சு வாங்கியது. ஊசிக்குச் சினைப்பை அளவுக்கு மீறி வேலை செய்தால் வயிற்றில் நீர் கோத்து இப்படி ஆகும். உள்ளூர் டாக்டரம்மா ஸ்கேன் பார்த்துவிட்டு, "எங்க பண்ணீங்களோ அங்கயே போயிருங்கம்மா" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கார் பின்சீட்டில் சாய்ந்துகொண்டு 550 கிலோமீட்டர் போனதை இன்றும் மறக்க முடியவில்லை. நான்கு நாள் படுக்கை. உடம்பு அப்படி இருக்க உள்ளே வைக்காமல், கருவை எல்லாம் உறைய வைத்துவிட்டார்கள்.

அதனால் என் கணக்கு இதுதான்: ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கிளம்பினாலும் இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய இடமாக இருக்க வேண்டும். பக்கம் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டும் சேர வேண்டாம். செயற்கைக் கருத்தரிப்பு மையங்களுக்காக 2021-இல் வந்த சட்டப்படி பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். அதிலும் முதல் நிலைப் பதிவு என்றால் விந்தணுவைக் கருப்பைக்குள் செலுத்தும் ஐ.யு.ஐ. மட்டும்தான், ஐ.வி.எஃப்.புக்கு இரண்டாம் நிலை வேண்டும். ஆய்வகத்தில் கருவை உருவாக்கிக் கவனிக்கும் எம்பிரியாலஜிஸ்ட் தினமும் அங்கேயே இருப்பாரா என்றும் கேளுங்கள். சில சிறிய இடங்களில் அவர் வெளியூரிலிருந்து வருகிற தேதிக்கு ஏற்ப எல்லாரையும் ஒரே வாரத்தில் அடுக்குவார்கள். நம் உடம்பு அவர் தேதிக்கு ஓட வேண்டியிருக்கும். "எழுபது சதவீத வெற்றி" என்றால், கர்ப்பப் பரிசோதனையில் பாசிட்டிவ் வந்த கணக்கா, பிள்ளை பிறந்த கணக்கா, உங்கள் வயதுக்காரர்களுக்கு எவ்வளவு என்று கேளுங்கள். எரிச்சல்பட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

சென்னைதான் என்று முடிவாகிவிட்டால், இடைப்பட்ட ஸ்கேன்களை உங்கள் ஊரிலேயே எடுத்து அனுப்பினால் ஏற்பார்களா என்று முதல் நாளே பேசிவிடுங்கள். எங்களுக்கு இந்த யோசனை பிறகுதான் வந்தது. கருவை உள்ளே வைக்கும் கட்டத்தில் ராஜபாளையத்தில் ஸ்கேன் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், அந்த ஒரு நாளுக்கு மட்டும் சென்னை போனேன். முதல் தடவை நிற்கவில்லை. இரண்டாம் தடவை நின்றது.

இடையில் மதுரைக்கு மாறிவிடலாம் என்றுகூட நினைத்தோம். ஆனால் கரு அங்கே உறைந்திருக்கும்போது எங்கே மாறுவது? மிச்சம் இரண்டு இன்னும் அங்கேதான் இருக்கின்றன. ஆண்டுக் கட்டணம் கட்டச் சொல்லிப் போன வாரம் செய்தி வந்தது. என்ன செய்யலாம் என்று இவர் கேட்டார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.