தடுப்பூசி மருந்தில் பாதரசமா?

கேள்வி: என் மகளுக்கு ஆறாவது வாரம், ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசி போட்டோம். அன்றிரவே காய்ச்சல், தொடையில் வீக்கம். இரண்டு நாளில் சரியாகிவிட்டது. இந்த ஊசியில் பாதரசம் இருப்பதாக வாட்ஸ்அப்பில் படித்த மாமியார், அடுத்த ஊசி வேண்டாம் என்கிறார். மூத்தவனுக்கு முட்டை சாப்பிட்டால் உடம்பெல்லாம் தடிக்கும். இவளுக்கும் அலர்ஜி இருக்குமோ? வரும் புதன்கிழமை பத்தாவது வார ஊசி.

பதில்: புதன்கிழமை ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள் அம்மா. உங்கள் மகளுக்கு வந்தது அலர்ஜி இல்லை. பென்டாவேலன்ட்டில் உள்ள கக்குவான் மருந்துக்குப் பல குழந்தைகளுக்கு இப்படிக் காய்ச்சலும் வீக்கமும் வரும். வீக்கத்தின் மேல் ஈரத்துணியை வைத்தால் போதும். எண்ணெய் தேய்ப்பதும் சூடாக ஒத்தடம் கொடுப்பதும் கூடாது. காய்ச்சலுக்கு எடைக்கேற்ற பாராசிட்டமால் அளவைச் செவிலியரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

மாமியார் படித்ததில் பாதி உண்மை இருக்கிறது. பல டோஸ் உள்ள குப்பிகளில் தையோமெர்சால் என்ற, மருந்து கெடாமல் காக்கும் பதன மருந்தைச் சிறிதளவு சேர்க்கிறார்கள். அதில் இருப்பது எத்தில் பாதரசம். பெரிய கடல் மீன்களில் சேர்கிற மெத்தில் பாதரசம் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒன்றரை மாதம் ஆகும். ஊசியில் உள்ள எத்தில் பாதரசமோ ஒரு வாரத்துக்குள் பாதியாகி, மலத்தோடு வெளியேறிவிடும்.

அதை ஏன் சேர்க்க வேண்டும்? ஒரே குப்பிக்குள் ஊசி பத்து முறை இறங்குகிறது. ஒவ்வொரு முறையும் கிருமி உள்ளே போக வாய்ப்பு உண்டு. 1928 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் பண்டபெர்க்கில், பதன மருந்து சேர்க்காத குப்பியிலிருந்து 21 குழந்தைகளுக்குத் தொண்டை அடைப்பான் ஊசி போட்டார்கள். குப்பிக்குள் கிருமி வளர்ந்திருந்தது. 12 குழந்தைகள் இறந்துபோனார்கள். அந்தக் குழந்தைகளை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. தையோமெர்சாலால் ஆட்டிசம் வருமோ என்ற பயமும் பலருக்கு உண்டு. அமெரிக்காவில் 2001 வாக்கில் குழந்தைகளுக்கான வழக்கமான ஊசிகளிலிருந்து இதை எடுத்துவிட்டார்கள். அப்புறமும் அங்கே ஆட்டிசம் குறையவில்லை.

சரி, நிஜமான அலர்ஜி எப்படி இருக்கும்? பெரும்பாலும் ஊசி போட்ட அரை மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். உடம்பெங்கும் தடிப்பு, உதடும் முகமும் வீங்குவது, மூச்சிரைப்பு, வாந்தி, குழந்தை வெளிறித் துவண்டுபோவது. பத்து லட்சம் டோஸுக்கு ஏறக்குறைய ஒரு குழந்தைக்குத்தான் இது வரும். வந்தால் உடனே தொடையில் அட்ரினலின் என்ற மருந்தை ஊசியாகப் போட வேண்டும். அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போங்கள் என்று சொல்வது இதற்காகத்தான். குழந்தை தூங்கிவிட்டாள், பஸ் வந்துவிட்டது என்று கிளம்பிவிடாதீர்கள்.

அண்ணனின் முட்டை அலர்ஜிக்காக இவள் ஊசியை நிறுத்த வேண்டியதில்லை. பென்டாவேலன்ட்டில் முட்டை இல்லை.

போன ஊசிக்குப் பிறகு வலிப்பு வந்திருந்தாலோ, மூன்று மணி நேரத்துக்கு மேல் விடாமல் அழுதிருந்தாலோ, மேலே சொன்ன அலர்ஜி அறிகுறி எதுவும் இருந்திருந்தாலோ, ஊசிக்கு முன் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாமியாரையும் கூடவே அழைத்துப் போங்கள். செவிலியரிடம் கேட்டால் குப்பியைக் காட்டுவார். திறந்த தேதியை அதன் மேல் எழுதியிருப்பார்கள்.