பத்தடி ஹாலில் என்னென்ன கொள்ளும்? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் அடுக்குமாடி வீட்டு ஹால் 10 அடி அகலம், 16 அடி நீளம். ஒரு முனையில் வாசல், மறு முனையில் பால்கனி. 'எல்' வடிவ சோபாவும் 65 இன்ச் டிவியும் வாங்க ஆசை. இடம் கொள்ளுமா?
– வாசகி, தாம்பரம்

பதில்: கடைக்குக் கிளம்பும் முன் அகலத்தை இன்ச்சில் கூட்டிப் பாருங்கள். 10 அடி என்றால் 120 இன்ச். சுவரை ஒட்டிப் போடும் சோபா 35. சோபாவுக்கும் டீப்பாய்க்கும் நடுவே 16. டீப்பாய் 20. ஆள் நடக்க 30. எதிர்ச்சுவர் டிவி யூனிட் 14. மொத்தம் 115, மிச்சம் ஐந்தே இன்ச். அந்த ஐந்தையும் நம்பிவிட வேண்டாம். பிளானில் போட்டிருக்கும் அளவு சில சமயம் பூச்சுக்கு முந்தையதாக இருக்கும். சுவருக்குச் சுவர் டேப் பிடித்து அளப்பதுதான் கணக்கு. ரிக்ளைனர் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். சாய்த்தால் 60 இன்ச்சைத் தாண்டும், ஒவ்வொரு தடவையும் டீப்பாயை நகர்த்த வேண்டியிருக்கும்.

'எல்' சோபாவில் தொல்லை தருவது முன்னால் நீளும் அந்தக் கைதான். சுமார் 5 அடி வரும். வாசல் பக்கம் வைத்தால் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிறவர் அதில்தான் முட்டிக்கொள்வார். பால்கனிப் பக்கம் வைத்தால் துணி காயப்போடப் போகும் வழி அடைபடும். பால்கனிக் கதவு டிவி சுவர் ஓரமாகத் திறக்கிறது என்றால் மட்டும் பரவாயில்லை. மூன்று பேர் உட்காரும் நேர் சோபா ஒன்றும், தூக்கி நகர்த்தக்கூடிய நாற்காலி இரண்டும் போதும் என்பதே எங்கள் கட்சி. மனசு கேட்கவில்லையா? சோபாவின் அளவைத் தரையில் சாக்பீஸால் வரைந்து, கோட்டை மிதிக்காமல் இரண்டு நாள் நடமாடிப் பாருங்கள். லிஃப்ட் கதவின் அகலத்தையும் அளந்து வையுங்கள்.

டிவியைச் சுவரில் மாட்டினால் கண்ணுக்கும் திரைக்கும் சுமார் 8 அடி இருக்கும். அதற்கு 55 இன்ச் கச்சிதம். 65ம் பார்க்கலாம்தான், ஆனால் செட்டாப் பாக்ஸில் வரும் சாதாரண சேனல்கள் அதில் தெளிவில்லாமல் தெரியும். திரையின் நடுப்பகுதி தரையிலிருந்து 40 முதல் 42 இன்ச்சில் வரவேண்டும். 55 இன்ச் டிவிக்கு அடி விளிம்பு ஏறக்குறைய 27 இன்ச். நின்றபடி பார்த்து உயரம் குறித்தால், பிறகு உட்கார்ந்து பார்க்கும்போது கழுத்து வலிக்கும். மின் பாயின்ட்டை பிராக்கெட் வரும் இடத்தில் வைக்காதீர்கள். பிளக் சொருகியதும் அது முன்னால் துருத்தி, டிவி சுவரோடு படியாது. பாயின்ட் பிராக்கெட்டுக்குப் பக்கவாட்டில், டிவி மறைக்கும் இடத்துக்குள் இருக்கட்டும். அங்கிருந்து யூனிட் வரை 2 இன்ச் பிவிசி பைப் ஒன்றைச் சுவருக்குள் புதைக்கச் சொல்லுங்கள். வழக்கமான 1 இன்ச் வயரிங் பைப்பின் வளைவில் ஹெச்டிஎம்ஐ கேபிளின் தலை சிக்கிக்கொள்ளும்.

கேள்வி: தரையிலிருந்து கூரை வரை 9½ அடி. ஃபால்ஸ் சீலிங் போட்டால் ஃபேன் காற்று வராது என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், திருச்சி

பதில்: ஃபேன் ராடைப் பழைய அளவிலேயே விட்டால் உண்மைதான். இறக்கைக்கு மேலே 10, 12 இன்ச் வெற்றிடம் இருந்தால்தான் ஃபேன் காற்றை இழுக்கும். சீலிங்கை 6 இன்ச் இறக்கி, ராடு 12 இன்ச்சாகவே இருந்தால் இறக்கைக்கு மேல் 8 இன்ச் அளவுதான் தேறும். ஃபேன் சுற்றும், காற்று இறங்காது. 18 இன்ச் ராடு போடுங்கள். மேலே 14 இன்ச் கிடைக்கும். தரையிலிருந்து இறக்கைக்கு 7 அடி 10 இன்ச் உயரமும் இருக்கும். கொக்கி எப்போதும் கான்கிரீட்டிலிருந்தே வரவேண்டும். ஜிப்சம் போர்டோ அதன் சட்டமோ ஃபேனைத் தாங்காது.

சுவரோரமாக மட்டும் ஒன்றரை அடி அகலத்துக்குச் சீலிங் இறக்கி, நடுவை அப்படியே விடுவது இந்த உயரத்துக்கு இன்னும் நல்லது. செலவும் குறையும், ஃபேனையும் தொடவேண்டாம். விளக்குகளை ஃபேன் நடுவிலிருந்து குறைந்தது 3 அடி தள்ளி வையுங்கள். இறக்கைக்கு மேல் விளக்கு வந்தால் அறை முழுக்க நிழல் வெட்டி வெட்டி ஓடும், அரை மணி நேரம் உட்கார முடியாது. ஸ்ட்ரிப் லைட்டுக்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் 'டிரைவர்' என்ற சின்னப் பெட்டியைச் சீலிங்குக்குள் வைத்து மூடிவிடுவார்கள், விடாதீர்கள். முதலில் பழுதாவது பெரும்பாலும் அதுதான்; கை எட்டும் இடத்தில் இருக்கட்டும். வெளிச்சத்தின் நிறத்துக்கு 3000 அல்லது 4000 கெல்வின் கேளுங்கள். 6500 ஹாலை மருந்துக்கடை ஆக்கிவிடும். மாடிக்கு மேலே மொட்டைமாடி என்றால், ஒரு மழைக்காலம் ஒழுகாமல் தாண்டிய பிறகு வேலையைத் தொடங்கலாம்.

கேள்வி: ஃப்ளாட் ஹாலில் ஊஞ்சல் மாட்டலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: கொக்கி கான்கிரீட் போடும்போதே பீம் கம்பியோடு கட்டப்பட்டிருந்தால் தாராளமாக மாட்டலாம். இல்லையென்றால் நீங்கள் துளையிடப்போவது மேல்வீட்டுத் தரையை. உள்ளே வயரிங் பைப்பும் ஓடுகிறது. நின்ற கனத்தை விட ஆடும் கனம் கொக்கியை அதிகம் இழுக்கும் என்பதால், கட்டுமானப் பொறியாளர் பார்த்துச் சொல்லாமல் தொடவேண்டாம். அவர் வேண்டாம் என்றால் தரையில் நிற்கும் ஸ்டாண்டு ஊஞ்சல் இருக்கிறது.

இடமும் பாருங்கள். 8 அடிச் சங்கிலி என்றால், லேசாக ஆடினாலே நீட்டிய காலோடு சேர்த்து முன்னால் 5 அடி, பின்னால் 3½ அடி வேண்டும். பத்தடி அகலத்தில் குறுக்கே மாட்டினால் எதிரே எதையும் வைக்க முடியாது, நீளவாக்கில் மாட்டுங்கள். பலகை தரையிலிருந்து 17, 18 இன்ச்சில் இருந்தால் பெரியவர்கள் எழுந்திருக்க வசதி.

கேள்வி: ஹால் சுவர் ஒன்றில் ஈரம் பொரிந்து பெயின்ட் உதிர்கிறது. பிவிசி பேனல் ஒட்டி மறைத்துவிடலாமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: வேண்டாம். பேனலுக்குப் பின்னால் பூஞ்சை பிடித்து வாடை வரும், மரச்சட்டம் அடித்திருந்தால் அது உப்பும். முதலில் உதிர்வதைச் சுரண்டிவிட்டு, ஒரு சதுர அடி பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துத் தாளின் உட்புறம் துளிர்த்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. அந்தப் பக்கம் குளியலறையா, வெளிச்சுவர் விரிசலா, உள்ளே போகும் குழாயா என்று தேடுங்கள். தாளின் வெளிப்புறம் மட்டும் நனைந்திருந்தால் அறைக் காற்றின் ஈரம்தான் சுவரில் படிகிறது. அதற்கு ஜன்னலைத் திறந்து வைத்தாலே பாதி சரியாகும்.